எடுத்ததோடு விடுங்கள்

அன்புள்ள மேடம்,

என் அக்காவுக்கு 46 வயது. இடது மார்பில் புற்றுநோய். மார்பை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆபரேஷனில் வயிற்றுச் சதையை எடுத்து மார்பைத் திரும்ப அமைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அத்தானும் நானும் சரி என்றோம். அக்கா மட்டும் ‘எடுத்ததோடு விடுங்கள்’ என்கிறாள். பயத்தில் பேசுகிறாள், பின்னால் வருத்தப்படுவாள் என்று தோன்றுகிறது. அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

சுமதி, திருச்சி

அன்புள்ள சுமதி,

இவ்வளவு பெரிய விஷயத்தில் அக்கா பேசியதாக உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டே சொல். அதற்குள் நீங்களும் அத்தானும் சரி சொல்லியாகிவிட்டது. எனக்கு உறுத்தியது அதுதான்.

பயம் இருக்கலாம். எதற்குப் பயம் என்று கேட்டீர்களா? வயிற்றுச் சதையை எடுத்து, அதன் மெல்லிய ரத்தக்குழாயை நெஞ்சில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கும் வேலை அது. பல மணி நேரம் ஆகும். அடிவயிற்றின் குறுக்கே நீளமாகத் தையல் விழும். சதைக்கு ரத்தம் ஓடவில்லை என்றால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். சதைக்குப் பதில் சிலிகான் பை வைப்பது இதைவிடச் சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அது ஆயுள் முழுக்க வரும் என்று உறுதி இல்லை. ரேடியேஷன் கொடுத்தால் சுற்றியுள்ள இடம் இறுகிப்போகும் வாய்ப்பும் கூடும். எதைச் செய்தாலும் வடிவம் வரும், பழைய உணர்ச்சி பெரும்பாலும் வராது. இதெல்லாம் தெரிந்து அக்கா வேண்டாம் என்றால் அது பயம் இல்லை, முடிவு.

பின்னால் வருத்தப்படுவாளா? மார்பை எடுத்தபின் திரும்ப அமைக்காமல் விட்ட 931 பெண்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2021இல் அமெரிக்காவில் வெளியானது. 74 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். (பெரும்பாலும் இணையக் குழுக்களில் இருந்த பெண்கள்; எல்லோருக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது.) எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு எண். 22 சதவீதம் பேருக்கு டாக்டரே முட்டுக்கட்டை போட்டிருக்கிறார். சிலருக்கு, ‘நாளைக்கு மனசு மாறினால்?’ என்று தாங்களாகவே நினைத்து, அவர்களைக் கேட்காமலே தோலை மிச்சம் விட்டுத் தைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன பெண், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோலோடு கண் விழிக்கிறாள்.

அதற்காக என்னை ‘வேண்டாம்’ கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். என் அத்தை 61 வயதில் வேண்டும் என்று கேட்டார். ‘பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனி எதுக்கு?’ என்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அத்தை பிராவுக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் கல்யாண வீடுகளுக்கு வந்தார். பஸ்ஸில் அது நகர்ந்துவிடுமோ என்று ஒரு கை எப்போதும் முந்தானையைப் பிடித்தபடி இருக்கும்.

அடுத்த முறை டாக்டரிடம் அக்காவே பேசட்டும். அத்தான் வெளியே போய்க் காபி குடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இப்போது விட்டாலும் பிறகு அமைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் முடியும். வேண்டாம் என்றே நின்றால், மிச்சத் தோல் விடாமல் தட்டையாகத் தைக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.