ஸ்வெட்டர் அக்காவோட அண்ணன் இந்தியர் (கடிதம்)

அண்ணா வணக்கம்,

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். கோயம்புத்தூர் கூட்டத்துல நீங்க திபெத்துக்காக கையெழுத்து வாங்கிட்டு இருந்தீங்க, நானும் போட்டேன், ஆனா உண்மையைச் சொல்லணும்னா நீங்க நின்னு கேட்டீங்கன்னுதான் போட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா மனசுக்கு ஒப்பலை. 1959ல இருந்து கத்திட்டு இருக்காங்க, நூத்தம்பது பேருக்கு மேல தீக்குளிச்சிருக்காங்க, சீனா ஒரு இன்ச் நகரலை. நம்ம கையெழுத்துல என்ன ஆகப்போகுது? எங்க தோழர் ஒருத்தர், பழைய திபெத்துல பண்ணையடிமை முறை இருந்துச்சு, லாமாக்கள்தான் பண்ணையார்கள், சி.ஐ.ஏ. காசு வாங்கினவங்க, இதையெல்லாம் உங்க எழுத்தாளர் சொல்ல மாட்டார்னு சிரிக்கிறார். அதை விடுங்க, எங்க வீட்ல இருந்து ஒன்றரை மணி நேரத்துல பவானிசாகர் முகாம் இருக்கு. நம்ம ஈழத்து சனங்க முப்பது வருசத்துக்கு மேல அங்க கெடக்காங்க. கர்நாடகாவுல திபெத்காரங்களுக்கு ஆயிரக்கணக்குல ஏக்கர் கொடுத்திருக்காங்களே, அது நியாயமா?

கடைசியா ஒரு சின்ன டவுட்டு. ஸ்வெட்டர் விக்கிற திபெத்காரங்க எல்லாரும் லூதியானாவுல சரக்கு எடுக்கிறதா சொல்றாங்க. பக்கத்துல திருப்பூர் இருக்கே?

அருண், திருப்பூர்

அன்புள்ள அருண்,

லெட்டர் பெருசு, பாதிக்கு மேல வெட்டித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க. நான் நின்னு கேட்டேன்னு கையெழுத்து போட்டேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி விசயத்துல முக்காவாசி கையெழுத்து அப்படி விழுறதுதான், நானே எத்தனையோ பேப்பர்ல அப்படி போட்டிருக்கேன்.

நீங்க ஸ்வெட்டர்ல முடிச்சீங்க, நான் ஸ்வெட்டர்ல ஆரம்பிக்கிறேன். கோயம்புத்தூர்ல வருசா வருசம் குளிர் சீசனுக்குக் கடை போடற ஒரு அக்கா எனக்குப் பழக்கம். ஊர் கொள்ளேகால் பக்கம் ஒடேயரபாளையா, நம்ம சத்தியமங்கலம் வழியா திம்பம் ஏறி ஆசனூர் தாண்டிப் போனா வந்துரும், 1974ல ஆரம்பிச்ச திபெத்திய குடியிருப்பு. கன்னடம் தண்ணி மாதிரி பேசும், தமிழும் பேரம் பேசற அளவுக்கு வரும், "கடைசி ரேட்டுண்ணா"ன்னு நம்ம ஊர்க்காரங்களை விட நல்லாவே சொல்லும். அது பொறந்தது 1989ல. அதோட அண்ணன் 1984. ரெண்டு பேரும் அதே கேம்ப்புல, அதே அம்மாவுக்குப் பொறந்தவங்க. சட்டப்படி அண்ணன் இந்தியக் குடிமகன், தங்கச்சி வெளிநாட்டுக்காரி.

எப்படின்னா, நம்ம குடியுரிமைச் சட்டத்துல 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் நடுவுல இந்த மண்ணுல யார் பொறந்தாலும் பிறப்பாலேயே இந்தியர், அதுக்கப்புறம் பொறந்தவங்கன்னா அப்பாவோ அம்மாவோ இந்தியரா இருக்கணும். சட்டத்துல இவ்வளவு தெளிவா இருந்தும் பாஸ்போர்ட் ஆபீஸ் கொடுக்க மாட்டேன்னுச்சு, நம்கியால் டோல்கர்னு ஒரு பொண்ணு டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய் 2010 டிசம்பர்ல ஜெயிச்சாங்க. அப்புறமும் ஒவ்வொருத்தரா கேஸ் போட்டு, 2016ல இன்னொரு தீர்ப்பு வந்து, 2017லதான் வெளியுறவுத் துறை சரி கொடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அதுலயும் ஒரு கொக்கி. பாஸ்போர்ட் வேணும்னா ஆர்.சி. புக்கைத் (என்னன்னு கீழ சொல்றேன்) திருப்பிக் கொடுத்துரணும், கேம்ப்ல இருக்கக் கூடாது, அங்க கிடைக்கிற சலுகை எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதித் தரணும். பொறந்த வீட்டை விட்டு வெளிய வந்தாத்தான் பொறந்த நாட்டுக்காரன்னு ஒத்துக்குவாங்களாம். அந்த அண்ணன் இன்னும் அப்ளை பண்ணலை, வயசான அம்மாவை விட்டுட்டு எங்க போய் வாடகைக்கு இருக்கிறதுன்னு கேக்கறார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

ஆர்.சி.ன்னா ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிபிகேட். வெளிநாட்டவர்னு பதிவு பண்ணிக் கொடுக்கிற புக்கு, அதை அப்பப்ப புதுப்பிச்சுட்டே இருக்கணும். அந்த அக்கா கோயம்புத்தூர்ல கடை போட வந்தாலும் அது கைல இருக்கணும். வெளிநாடு போறதுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலா மஞ்சக் கலர்ல ஐ.சி.ன்னு ஒரு அடையாளச் சான்று புக்கு கொடுப்பாங்க, ஏர்போர்ட்ல பாதி ஊர் ஆபீசருக்கு அது என்னன்னே தெரியாது. அரசாங்க வேலை கிடையாது, தன் பேர்ல நிலம் வாங்கறதுன்னா தனியா அனுமதி வாங்கணும். நீங்க சொல்ற ஆயிரக்கணக்கான ஏக்கர் அவங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லைங்க, குத்தகை. அன்னைக்கு மைசூர் மாநிலம், இன்னைக்குக் கர்நாடகா, பைலகுப்பேல சுமார் 3000 ஏக்கர் காடு கொடுத்துச்சு. 1960 கடைசில போய் இறங்கினவங்க பனி ஊர்ல இருந்து வந்த ஆளுங்க, மரம் வெட்டி யானையை விரட்டி மக்காச்சோளம் போட்டிருக்காங்க, வெயில்லயும் காசநோய்லயும் நிறைய பேர் போய்ட்டாங்க.

இப்ப பவானிசாகர். உங்க கோவம் எனக்கும் உண்டு, நான் அந்த முகாமுக்குப் போயிருக்கேன், அந்த லைன் வீடுகளைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கலை. 2021ல பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, புது வீடும் கட்டிக் கொடுக்கறாங்க, ஆனா அங்க பொறந்து வளந்து பி.இ. முடிச்ச பையன் இன்னும் அகதிதான். ஆனா அருண், இந்தக் கோவத்தைத் திபெத்காரன் பக்கம் திருப்பினா யாருக்கு லாபம்? இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலை, அகதிகளுக்குன்னு நம்மகிட்ட சட்டமே கிடையாது. அதனால ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தந்த நேரத்து அரசியலை வச்சு கொஞ்சம் கூடக் கொறச்சுக் கொடுப்பாங்க. 2019ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துச்சே, அதுல ஈழத் தமிழரும் இல்லை, திபெத்தியரும் இல்லை. ஒடேயரபாளையா அக்காவும் பவானிசாகர் பையனும் ஒரே க்யூலதான் நிக்கறாங்க, அக்கா நிக்கிற இடம் கொஞ்சம் நிழல்ல இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

தோழர் கிட்ட சொல்லுங்க, அவர் சொல்ற ரெண்டும் நானும் சொல்றேன். பழைய திபெத்துல மடத்துக்கும் பிரபுக்களுக்கும் கட்டுப்பட்டுத்தான் ஏழை குடியானவன் இருந்தான், அதுல ஒண்ணும் பொன்னுலகம் இல்லை. அமெரிக்காக்காரன் திபெத்திய ஆளுங்களைக் கொலராடோவுக்குக் கூட்டிட்டுப் போய் கெரில்லா டிரெய்னிங் கொடுத்தான், நேபாளத்துல முஸ்தாங்ல இருந்து சண்டை போட வச்சான், அப்புறம் நிக்சன் சீனாவோட கை குலுக்கற காலம் வந்ததும் அம்போன்னு விட்டுட்டான். எல்லாம் நடந்ததுதான். அதுக்காக 1995 மே மாசம் ஆறு வயசுப் பையன் ஒருத்தனைக் குடும்பத்தோட தூக்கிட்டுப் போனது சரின்னு ஆயிருமா? கெதுன் சோக்கி நீமா. தலாய் லாமா அவரைப் பஞ்சன் லாமான்னு, அதாவது தனக்கு அடுத்த பெரிய குருன்னு, அறிவிச்சது மே 14, காணாமப் போனது மே 17. இன்னிக்கு அவருக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கும், நல்லா இருக்கார், தொந்தரவு பண்ணாதீங்கன்னு சீனா சொல்லுது, ஒரு போட்டோ கூட இதுவரைக்கும் காட்டலை. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு எங்க பாஷைல பாடம் சொல்லிக் கொடுங்கன்னு கேமரா முன்னாடி கேட்ட டாஷி வாங்சுக், அவரு ஒரு கடைக்காரர், 2016 ஜனவரில பிடிச்சாங்க, அஞ்சு வருசம் முழுசா உள்ள இருந்துட்டு வந்தார். இவங்கள்ல எவன் பண்ணையார்? பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைங்களை வீட்ல இருந்து பிரிச்சு அரசாங்க ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சீன மொழில படிக்க வைக்கிறாங்கன்னு 2023 பிப்ரவரில ஐ.நா. நிபுணர்களே கவலைப்பட்டாங்க. இந்தி எதிர்ப்பு வரலாறு படிச்ச தோழருக்கு இது உறைக்கணும், உறைக்கலைன்னா அது அவர் கட்சிப் பிரச்சனை.

தீக்குளிப்பு பத்தி நான் நிறைய எழுத மாட்டேன். 2009 ஜனவரில ஈழத்துக்காக நம்ம முத்துக்குமார் போனார், பிப்ரவரில அங்க ஙாபாங்கற ஊர்ல கீர்த்தி மடத்துத் துறவி ஒருத்தர் தீ வச்சுக்கிட்டார், தேதியைப் பாத்தப்ப எனக்குக் கை நடுங்கிருச்சு. அந்தச் சாவுகளைக் காட்டி என்ன பிரயோஜனம்னு கேக்கவும் வேண்டாம், வீரம்னு போஸ்டர் அடிக்கவும் வேண்டாம், அந்த வீட்டுக்காரங்க இருக்காங்க.

சரி, கையெழுத்து என்ன பண்ணும்? திபெத்தை விடுதலை பண்ணாது. தலாய் லாமாவே தனிநாடு கேக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு, உமேலாம், அதாவது நடுவழி, சீனாவுக்குள்ளயே உண்மையான சுயாட்சி கொடுங்கங்கறார். 2002ல இருந்து 2010 வரைக்கும் ஒம்பது சுத்து பேசியும் பாத்தாங்க, ஒண்ணும் பேரலை. திபெத்திய இளைஞர் காங்கிரஸ் ஆளுங்க அதெல்லாம் முடியாது, ரங்ஸென்தான், முழு விடுதலைதான்ங்கறாங்க. அந்தச் சண்டையை நம்ம தீத்து வைக்க வேண்டாம். நம்ம வேலை அதை விடச் சின்னது.

திபெத் தலைநகர் லாசாவுல திராப்சின்னு ஒரு ஜெயில். 1993ல அதுக்குள்ள இருந்த பிக்குணிப் பொண்ணுங்க 14 பேர் ரகசியமா ஒரு டேப் ரெக்கார்டரை உள்ள வரவழைச்சு, நாட்டைப் பத்தியும் ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவைப் பத்தியும் பாட்டுப் பாடி, கேசட்டை வெளிய கடத்திட்டாங்க. கண்டுபிடிச்சதும் எல்லாருக்கும் தண்டனையை நீட்டினாங்க. அதுல ஙவாங் சங்ட்ரோல்னு ஒரு பொண்ணு, ஸ்கூல் போற வயசுலயே ஊர்வலத்துல கோஷம் போட்டுப் பிடிபட்டது, நீட்டி நீட்டி மொத்தம் இருபது வருசத்துக்கு மேல ஆக்கிட்டாங்க. உலகம் பூரா முகம் தெரியாத ஆளுங்க, டீச்சரு, ரிட்டயர்டு கிளார்க்கு, காலேஜ் பசங்க, அந்தப் பேரை எழுதி எழுதி சீன எம்பசிக்கும் தங்க நாட்டு மந்திரிங்களுக்கும் லெட்டர் போட்டுட்டே இருந்தாங்க, ஒரு கட்டத்துல எந்த மேல்நாட்டுத் தலைவர் பெய்ஜிங் போனாலும் அந்தப் பேரைக் கேக்க வேண்டியதாச்சு. 2002 அக்டோபர்ல விட்டுட்டாங்க. பாக்கித் தண்டனை பல வருசம் இருந்துச்சு. இதுல உங்க ஒரு கையெழுத்தோட பங்கு எவ்வளவுன்னு கேட்டா எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனா அந்தப் பேர் மறந்து போயிருந்தா அந்தப் பொண்ணு உள்ளயேதான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு நம்ம ஊர்ல நடந்தது. 2019 அக்டோபர், மாமல்லபுரம். பிரதமர் வேட்டி கட்டிட்டு சீன அதிபரை அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டிட்டுப் போனது, ரெண்டு பேரும் இளநி குடிச்சது, எல்லாம் நமக்கு மனப்பாடம். அதுக்கு முந்தின நாட்கள்ல தாம்பரம் பக்கம் படிச்சுட்டு இருந்த திபெத்திய மாணவர்களைப் போலீஸ் தேடித் தேடிப் பிடிச்சுது. டென்சின் சுண்டுவை விழுப்புரம் மாவட்டத்துல ஆரோவில் பக்கம் பிடிச்சு உள்ள வச்சாங்க. அவர் யாருன்னா, நம்ம சென்னை லயோலா காலேஜ்ல படிச்சவர், படிச்சு முடிச்சு லடாக் வழியா நடந்தே திபெத்துக்குள்ள போய் லாசா ஜெயில்ல மூணு மாசம் இருந்துட்டு வந்தவர், 2002ல சீனப் பிரதமர் மும்பை வந்தப்ப ஓட்டல் சாரத்துல 14 மாடி ஏறி கொடி காட்டினவர். நெத்தில செவப்புத் துணி கட்டியிருப்பார், நாடு கிடைக்கிற வரைக்கும் கழட்ட மாட்டாராம். தரம்சாலாவுல இருக்கிற நாடுகடந்த திபெத் அரசோட தலைவரா 2021ல ஜெயிச்ச பென்பா செரிங், அவரும் தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்தான், எகனாமிக்ஸ். நம்ம காலேஜ்ல படிச்ச, நம்ம மெஸ்ல சாம்பார் ஊத்தித் தின்ன பசங்க. கிண்டில ஓட்டல் வாசல்ல கொடியோட வந்த நாலஞ்சு பேரைத் தூக்கி வண்டில போட்டதை டிவில நானும் வீட்ல உக்காந்து டீ குடிச்சுட்டுப் பாத்தேன், அன்னைக்கு ஒரு வரி எழுதலை. எழுதியிருக்கணும். அந்தக் கூட்டத்துல நின்னு கையெழுத்து வாங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கோங்க.

அதனால கையெழுத்தை வாபஸ் வாங்கணும்னா தாராளமா வாங்கிக்கலாம், கோவமில்லை. வச்சுக்கிறதா இருந்தா ஒண்ணு பண்ணுங்க, உங்க எம்.பி.க்கு ஒரு கடுதாசி போடுங்க, ரெண்டு விசயம் கேளுங்க: பாஸ்போர்ட்டுக்கு ஏன் வீட்டைக் காலி பண்ணணும், 1987க்கு அப்புறம் கேம்ப்ல பொறந்த பிள்ளைங்களுக்கு என்ன வழி. ரெண்டாவது கேள்வில பவானிசாகரையும் சேத்தே எழுதுங்க.

லூதியானா டவுட்டு: நானும் அந்த அக்காகிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு காரணம் நீங்களே சொல்லியிருப்பீங்க, திருப்பூர்னா காட்டன் பனியன், கம்பளி நூலு, ஸ்வெட்டர் பின்னல் எல்லாம் அங்கதான். இன்னொண்ணு கடன். அங்க இருக்கிற மொத்த வியாபாரிங்க தலைமுறையா இவங்களுக்குக் கடனுக்கே சரக்கு கொடுக்கறாங்க, சீசன் முடிஞ்சு வித்த காசை ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ கொண்டு போய்க் கட்டிட்டு லோசாருக்கு, அவங்க புதுவருசத்துக்கு, ஊருக்குப் போயிருவாங்க. "திருப்பூர்ல எங்களுக்கு யாருண்ணா கடன் கொடுப்பாங்க, ஆதார் கேப்பாங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட் கேப்பாங்க"ன்னுச்சு. உங்க கம்பெனில கேட்டுச் சொல்லுங்க, இந்த டிசம்பர்ல அக்கா வந்ததும் நான் சொல்லிடறேன்.