ஏ.பி.எஸ். லைற் எரிந்தால் கழற்றி எறிவதா?

மாரி தொடங்கியதும் பிறேக் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாம் பழைய ஜீப், எல்லாவற்றிலும் அதே மஞ்சள் லைற்: ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகிவிடாமல் பிறேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ்.ஸின் லைற். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மல்லாவி வாசகர்: 1996 பஜிரோ. ஏ.பி.எஸ். லைற் அணைவதே இல்லை. கராஜ்காரர் "உந்தக் கோதாரியைக் கழற்றிப்போட்டு பைப்பை நேராய்ப் பூட்டுவம்" என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். லைற் எரியும்போதே ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொண்டுவிடும். பிறேக் ஒயில் ஏ.பி.எஸ். பெட்டிக்குள்ளால் வழக்கம்போலப் போய்வரும், சாதாரண பிறேக் பிடிக்கும். கழற்றினால் என்ன கிடைக்குமோ அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. புதிதாய் வருவது சில பைப் மூட்டுகளும் அதிலொன்று ஒழுகும் வாய்ப்பும்தான். பெட்டியே வெளியால் ஒழுகினால், அல்லது பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் நல்லதாக இருந்தும் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், அப்போது கழற்றும் கதையைப் பேசலாம்.

முதலில் லைற்றைக் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து அணைந்து, வண்டி 10, 20 கிலோமீற்றர் வேகம் பிடித்ததும் திரும்ப எரிந்தால் வயர் சரி, ஆனால் ஏதோ ஒரு சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் மின்துடிப்பு வந்து சேரவில்லை. உங்களுடையதைப்போல அணையவே இல்லை என்றால் பியூஸ், ரிலே, பற்றரி, அறுந்த வயர் என்ற வரிசையில் தேடுங்கள். என்ஜின் ஓடும்போது பற்றரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இல்லாவிட்டால் மற்றதைத் தொடாமல் ஒல்ரனேற்றரைப் பாருங்கள்.

பிறகு அந்தத் துடிப்பை அனுப்பும் நான்கு சக்கரச் சென்சர்களின் சொக்கற்றையும் கழற்றி மல்ரிமீற்றரில் ஓம் பார்க்கவேண்டும். அந்தக் காலத்து ஜப்பான் ஜீப்புகளில் இருப்பது இரண்டு வயர் காந்தச் சென்சர். பெரும்பாலும் 800க்கும் 2,500க்கும் இடையில் காட்டும். வாகனத்தின் கைநூல் கையில் இல்லாவிட்டால் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தொடர்பே காட்டாவிட்டால் அதுதான் ஆள். முன்சக்கரத்தில் ஸ்ரேரிங் திரும்பும் இடத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மீற்றரைப் பிடித்தபடி வயரை ஆட்டிப் பாருங்கள். அறுந்த இடத்தை ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, இரண்டு வயரையும் முன்பிருந்தபடி முறுக்கிவிடுங்கள். வெறும் ரேப் சுற்றினால் இந்த மாரிக்கே நீர் ஏறும்.

ரொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. பழைய மொடல்களில் சோதனைச் சொக்கற்றின் ரி.சி., ஈ.1 முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் லைற் மின்னி மின்னிப் பழுது எண்ணைச் சொல்லும். சென்சர் பழுதென்றால் 31 முன் வலது, 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது.

பரந்தன் வாசகர்: மஞ்சள் லைற்றோடு சிவப்பு பிறேக் லைற்றும் எரிகிறது. நாளை வவுனியா போய்வரலாமா?

போகாதீர்கள். பிறேக் ஒயில் மட்டத்தையும் ஹான்ட் பிறேக்கையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எரிந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் கராஜுக்குப் போகவேண்டும்.

ஒட்டுசுட்டான் வாசகி: லைற் எரியவில்லை. ஆனால் சந்தியில் நிற்கப்போகும் நேரம் பெடல் கடகடவென்று காலை உதைக்கிறது, வண்டி கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கிறது. ஈரமும் இல்லை, மணலும் இல்லை.

ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாகப் பொய் சொல்கிறது. சென்சர் முனை காந்தம் என்பதால் டிஸ்க்கிலிருந்து தேயும் இரும்புத்தூளை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கிரவல் ரோட்டுச் செம்மண் ஏறி இறுகும். சென்சரைக் கழற்றித் துணியால் துடையுங்கள், அரம் போடாதீர்கள். உள்ளே சுற்றும் பல்வளையத்தில் வெடிப்போ கறள் பொருக்கோ இருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? அப்படியென்றால் பெயாரிங்தான் காரணம். சென்சருக்கும் பல்லுக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும், பெயாரிங் ஆடினால் அது நிலையாய் நிற்காது. பெயாரிங்கைச் சரிசெய்யாமல் புதுச் சென்சர் வாங்கிப் போட்டால் அந்தக் காசு வீண். நான்கு ரயரும் ஒரே அளவா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதையும் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்: ஐந்து வாரம் முன் ஒரு விற்பனை நிலையத்தில் ஜீப் வாங்கினேன். "எல்லாம் வேலை செய்யும்" என்றார்கள். வேறு வேலைக்காக மீற்றர் பலகையைக் கழற்றியபோதுதான் ஏ.பி.எஸ். பல்ப்பே இல்லை என்று தெரிந்தது. என் பிழையா?

உங்கள் பிழை இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். பழைய வாகன வியாபாரத்தில் எனக்கு அடியோடு பிடிக்காதது இந்த வேலைதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். லைற் எரிகிறது என்று சொல்லி விலை குறைத்து விற்பவரிடம் ஒரு குறையும் இல்லை. பல்ப்பைப் பிடுங்குபவர் பழுதை மட்டுமா மறைக்கிறார்? நாளைக்கு வரும் பழுதும் உங்களுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறார்.

வாங்கப்போகும் மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்பவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டு நீங்களே ஏறி இருங்கள். சாவியைப் போடுங்கள், ஸ்ரார்ட் பண்ணவேண்டாம். ஏ.பி.எஸ். லைற் எரியவேண்டும், மூன்று வினாடியளவில் என்ஜின் ஓடாமலே தானாக அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் இல்லை, அல்லது பின்னால் கறுப்பு ரேப். என்ஜின் ஒயில் லைற்றோடு சேர்ந்து எரிந்து, ஸ்ரார்ட் பண்ணும்போது அதனோடு ஒரே நொடியில் அணைந்தால் இரண்டையும் ஒரே வயரில் கட்டியிருக்கிறார்கள். இது கெட்டிக்காரத் திருட்டு, பலர் இதில்தான் விழுகிறார்கள். கடைசியாக, முன்னும் பின்னும் ஆள் இல்லாத கிரவல் ரோட்டில் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். பெடல் அதிர்ந்தால் ஏ.பி.எஸ். உயிரோடு இருக்கிறது. ரயர்கள் இறுகி நிலத்தில் நீளக் கோடு இழுத்தால் இல்லை.

இனி உங்கள் விடயம். எதையும் திருத்தமுன் பல்ப் இல்லாத இடத்தைப் படமெடுங்கள், மீற்றர் பலகையைக் கழற்றியவரிடம் திகதி போட்டு எழுதி வாங்குங்கள். விற்பனை நிலையம் என்பதால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்கவேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து வழி கேளுங்கள், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

விசுவமடு வாசகர்: ஒன்லைனில் பாதி விலைக்குப் பாவித்த ஏ.பி.எஸ். கொம்பியூற்றர் வாங்கினேன். சொக்கற் பொருந்துகிறது, லைற் அணையவில்லை.

பழைய பெட்டியில் ஒட்டியிருந்த பார்ட் இலக்கத்தைப் பார்த்தீர்களா? சொக்கற் பொருந்தினால் பெட்டி பொருந்தும் என்று நினைத்து வாங்கிய ஒன்று என் அலுமாரிக்குள்ளும் கிடக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. பழுது பெட்டியில்தான் என்று உங்களுக்குச் சொன்னது யார்? சென்சரை அளந்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பூநகரி வாசகர்: மணலிலும் கிரவலிலும் ஏ.பி.எஸ். வண்டியை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. நிறுத்திவைக்க வழி?

நீங்கள் சொல்வது சரி. இறுகிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். அந்தக் குவியலைச் சேரவிடாது. அந்தத் துண்டுக்கு மட்டும் ஏ.பி.எஸ். பியூசைக் கழற்றுங்கள், லைற் எரியட்டும். தார் ரோட்டில் ஏறமுன் திரும்பப் போடுங்கள். மழையில் ஏ9இல் குறுக்கே எருமை வரும்போது பிறேக்கை இறுக மிதித்தபடியே ஸ்ரேரிங்கை வெட்ட விடுவது அதுதான். மிதியை இலகுவாக்கும் பூஸ்ரருக்கும் மின்மோட்டர் உள்ள வண்டியில் எந்த பியூஸ் எதற்கென்று தெரியாமல் கைவைக்கவேண்டாம்.

நெடுங்கேணி வாசகர்: ஏ.பி.எஸ். பெட்டியைப் போன வருடமே கழற்றிவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. இப்போது மழையில் மிதித்தால் பின்பக்கம் சுழன்று வருகிறது.

வெறும் வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்தி இறுகுகிறது. பல வாகனங்களில் பின் பிறேக்கின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பதும் அந்தப் பெட்டியின் வேலைதான். அதே மொடலின் ஏ.பி.எஸ். இல்லாத வாகனத்து மாஸ்ரர் சிலிண்டரும், பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் சோடியாகப் போடவேண்டும். பைப் 4.75 மில்லிமீற்றர், ஜப்பான் வண்டிக்கு வாய் இரட்டை மடிப்பு. இடையில் வெட்டி வளையம் போட்டு இறுக்கிய மூட்டு ஒன்றும் இருக்கக்கூடாது. ஒயில் டொட் 3 அல்லது டொட் 4, மூடியில் எழுதியபடி. டொட் 5 வேறு சாதி, அதை ஊற்றாதீர்கள். பைப்புக்குள் புகுந்த காற்றை எடுப்பது பொதுவாகத் தூரச் சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வேலை முடிந்ததும் வெறும் வண்டியை நனைந்த வெளியில் 30 கிலோமீற்றரில் மிதித்துப் பாருங்கள், முன்சக்கரம்தான் முதலில் இறுகவேண்டும். அதுவரை வண்டியைக் கொட்டிலில் விடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போக வேறு வாகனம் பாருங்கள்.