தலைசுற்றலுக்கு மருந்து இருக்கிறது, 300 ரூபாய் கணக்குக்கு இல்லை

தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "நண்பன் வீட்டில் டூம் எடர்னல் கேமை முக்கால் மணி நேரம் ஆடினேன். ஒரே ரத்தம், நெருப்பு, காது கிழிகிற இசை. குண்டு தீர்ந்துகொண்டே இருந்தது, தலையும் சுற்றியது. இருந்தாலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒருவர், இது போதாது, கார்டை மாற்று என்கிறார். கேமை 300 ரூபாய்க்கே போட்டுத் தருவாராம். துபாயில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். என்ன செய்யட்டும்?"

தம்பி, குண்டு தீர்ந்துபோவது உங்கள் கை மெதுவாக இருப்பதாலோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். இந்த கேமில் குண்டு வேண்டுமென்றே குறைவாகத்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற துப்பாக்கி கேம்களில் அடிபட்டால் சுவருக்குப் பின்னால் ஒளிவோம். இங்கே ஒளிந்தால் சாவுதான். உயிர் குறைந்தால் தள்ளாடி நிற்கும் பேயிடம் ஓடிப்போய்க் கையால் முடிக்க வேண்டும். குண்டு குறைந்தால் செயின்சா என்ற ரம்பத்தால் பேயை அறுக்க வேண்டும், கவசம் குறைந்தால் தோளில் இருக்கும் நெருப்பைப் பேய் மேல் விட வேண்டும், குறைந்தது கிடைத்துவிடும். செயின்சாவுக்கு ஒரு முறைக்கான எரிபொருள் தானாகவே ஊறிவிடும். அதைச் சேமித்து வைக்காமல் சின்னப் பேய்களிடம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இது பிடிபட்டுவிட்டால் முக்கால் மணி நேரத்தில் குழப்பமாகத் தெரிந்த அதே சண்டை ஒரு தாளத்துக்குள் வந்துவிடும். எனக்கு அந்த இடம்தான் இந்த கேமின் உயிர். கஷ்டமாக இருந்தால் கடின அளவைக் குறையுங்கள், நடுவிலும் மாற்றலாம்.

தலைசுற்றலுக்கு: செட்டிங்கில் மோஷன் ப்ளர் என்பதை, அதாவது திரும்பும்போது படத்தை மங்கலாக்குவதை, அணையுங்கள். ஃபீல்டு ஆஃப் வியூ என்ற அளவை 100, 105 வரை ஏற்றிப் பாருங்கள். பார்வை விரிந்தால் பலருக்குச் சுற்றல் குறையும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மின்னி மின்னி வரும் வெளிச்சத்தில் யாருக்காவது வலிப்பு வந்த வரலாறு வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆட வேண்டாம்.

இப்போது கார்டு விஷயம். அந்த மார்த்தாண்டத்துக்காரர் இரண்டு கேம்களைக் குழப்புகிறார், அல்லது உங்களைக் குழப்புகிறார். 2025 மே மாதம் வந்த டூம் த டார்க் ஏஜஸுக்குத்தான் ரே ட்ரேசிங் வசதியும் (வெளிச்சம் பாயும் பாதையைக் கணக்கிட்டுக் காட்டுவது) 8 ஜிபி நினைவகமும் உள்ள கார்டு கட்டாயம். நீங்கள் ஆடிய டூம் எடர்னல் 2020 மார்ச்சில் வந்தது. அதற்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 8 ஜிபி ராம். உங்கள் 1650 அதைத் தாண்டிய கார்டு. கேம் செட்டிங்கில் டெக்ஸ்சர் பூல் சைஸ் என்பதை மட்டும் குறைத்து வையுங்கள், படங்களுக்குக் கார்டின் நினைவகத்தில் ஒதுக்கும் இடம் அது. கார்டில் இருக்கும் நினைவகத்துக்கு மேல் போனால் அந்தப் பக்கத்திலேயே சிவப்பாகக் காட்டும்.

பழைய கார்டு கைமாறும் இடங்களில் நான் பார்க்கிற ஏமாற்று கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருடப் பழைய கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்கிறார்கள். வின்டோஸும் அந்தப் பெயரை நம்பிவிடும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெரும்பாலும் குட்டு உடைந்துவிடும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊரில் கிடந்த கார்டு என்றால் உப்புக்காற்றில் பிராக்கெட்டும் ஸ்க்ரூவும் துருப்பிடித்திருக்கும், அதையும் பாருங்கள். பில் கேட்டால் "ஜிஎஸ்டி 18 சதவீதம் கூட ஆகும்" என்று மிரட்டுவார்கள். பில் இல்லாத பொருளுக்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் எதைக் காட்டி நிற்பீர்கள்? இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த 300 ரூபாய்க்கு வருகிறேன். அவர் கேமை உங்களுக்கு விற்கவில்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கணக்கில் ஒரே ஒரு தடவை வாங்கி, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் முப்பது பேருக்குக் கொடுத்து, ஆஃப்லைனில் ஓட வைக்கிறார். ஒரு நாள் கணக்கு உள்ளே விடாது. அவர் போனை எடுக்க மாட்டார். கணக்கை விற்பதே ஸ்டீம் விதிக்கு விரோதம், அதனால் நீங்கள் ஸ்டீமிடம் போய்ப் புகார் சொல்லவும் முடியாது. இதைவிட மோசம், "ஆக்டிவேஷன் பண்ணித் தருகிறேன், எனிடெஸ்க் திற, ஆன்டிவைரஸை அணை" என்பது. எனிடெஸ்க் என்றால் வேறு இடத்தில் இருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் மென்பொருள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையனின் கம்ப்யூட்டரில் இப்படித்தான் மெயில், இன்ஸ்டாகிராம் எல்லாம் பறிபோனது. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். 300 ரூபாய்க்கு யார் அழைக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

ஸ்டீமில் உங்கள் பெயரிலேயே யுபிஐ மூலம் வாங்குங்கள். கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடியில் இந்தப் பழைய கேம் நன்றாகவே இறங்கும், காத்திருங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். இரண்டு மணி என்பது ஒரு நாளைக்கு அல்ல, மொத்தமாக. டவுன்லோடு ஆகும் நேரம் சேராது. ஆனால் கேம் திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சேரும். செட்டிங்கில் உட்கார்ந்திருந்தாலும் சேரும், மெனுவை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் சேரும். நண்பன் அவன் கணக்கில் ஆட விட்ட முக்கால் மணி உங்கள் கணக்கில் வராது. வேறு தளத்தில் கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீட்டு எண், வாங்கி ஸ்டீமில் போட்டிருந்தால் இந்தச் சலுகையே கிடையாது.

முழுக் காசு கொடுத்தாலும் கிடைப்பது உரிமம்தான், பொருள் அல்ல. 2024 அக்டோபரில் இருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் அப்படி எழுதுகிறது. டிவிடி காலத்தில் ஆடி முடித்ததை அடுத்தவனுக்கு விற்றோம், அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அது பெரிய அநியாயம்.

அண்ணனிடம் கேமுக்கு மட்டும் பணம் கேளுங்கள். வாங்கிய அன்றே நேரம் பார்த்து உட்காருங்கள்: ப்ளரை அணைத்து, பார்வை அளவை ஏற்றி, முதல் ஒன்றரை மணி. அப்போதும் தலை சுற்றினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.