கேள்வி–பதில்: வேட்டி கட்டிய சூப்பர்மேனும் காது வளைந்த பேட்மேனும்

போன முறை மிக்ஸி வாரன்டி பற்றி எழுதும்போது, சூப்பர் ஹீரோ பனியன் ஒன்றைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் பொம்மை, முகமூடி, ஸ்டிக்கர், ஓவியம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக, பாலக்காட்டில் களிமண் பொம்மை செய்யும் ஒரு பெண்ணிடம் 'மாயாவி பொம்மை' வேண்டும் என்று சொல்லி 800 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அப்பா சின்ன வயதிலிருந்தே இரும்புக்கை மாயாவிக்கு ரசிகர். வந்ததோ மந்திரக்கோல் பிடித்த ஒரு பொடியன். மீதி 700 ரூபாயைக் கொடுக்க வேண்டுமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள். கேரளத்தில் மாயாவி என்றால் பாலரமா என்ற சிறுவர் இதழில் வரும் குட்டிச்சாத்தான்தான். ராஜுவையும் ராதாவையும் மந்திரவாதி குட்டூசனிடமிருந்து காப்பாற்றுகிறவன். உங்கள் அப்பாவின் மாயாவி பிரிட்டிஷ்காரர். 1962ல் அங்கே ஒரு வார இதழில் பிறந்து, 1972ல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு ஜோசியத்திலா தெரியும்? கையில் இருக்கும் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்தவருக்குக் கூலி பாக்கி வைக்காதீர்கள்.

அப்புறம், இரும்புக்கையாரையும் அதே பெண்ணிடமே செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு படம், உயரம் எத்தனை அங்குலம், என்ன நிறம், எந்தத் தேதிக்குள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குட்டிச்சாத்தானையும் அப்பாவிடம் காட்டுங்கள், நிச்சயம் சிரிப்பார்.

3டி பிரிண்டரில் செய்த பேட்மேன் பொம்மை, 650 ரூபாய். காரின் டேஷ்போர்டில் ஒட்டிவைத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு காதும் சாய்ந்து நாய்க்குட்டி மாதிரி ஆகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வேலந்தாவளம் வாசகர்

பெரும்பாலும் இந்தப் பொம்மைகளைச் செய்வது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில். 60 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கே அது இளகத் தொடங்கும். பாலக்காட்டு மார்ச் வெயிலில், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். விற்றவர் 'கார் டேஷ்போர்டுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தால் குற்றம் அவருடையது. அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைக் கேளுங்கள். அப்படி எதுவும் போடவில்லை என்றால், அடுத்த பேட்மேனை வீட்டு அலமாரியில் வையுங்கள். காரில்தான் வைப்பேன் என்றால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யச் சொல்லுங்கள், அது இன்னும் அதிகச் சூடு தாங்கும்.

ஆறடி அயர்ன்மேன் 599 ரூபாய் என்று பார்த்து வாங்கினேன். பார்சலைப் பிரித்தால் சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர். கீழே சின்ன எழுத்தில் 'சுவர் ஸ்டிக்கர்' என்று இருந்ததாம், நான் கவனிக்கவில்லை.
– கொல்லங்கோடு வாசகர்

599 ரூபாய்க்கு ஆறடியில் வேறு என்ன வரும் என்று நினைத்தீர்கள்? ஒட்டிக்கொள்ளுங்கள்.

வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்ட சூப்பர்மேன் படம் போட்ட பனியன். இன்ஸ்டாகிராமில் 499 ரூபாய். மூன்றாவது சலவையில் சூப்பர்மேன் வெளுத்துவிட்டார், வேட்டியின் கரை மட்டும் லேசாகத் தெரிகிறது. கேட்டால் 'நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்' என்கிறார்கள்.
– நடுப்புணி வாசகர்

இந்த வலி எனக்கும் தெரியும். என் வீட்டுப் பீரோவில் மேலாடை காற்றில் பறக்கும் ஓணத்து மாவேலி மன்னன் படம் போட்ட பனியன் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் மாவேலி இல்லை, குடையின் கம்பி மட்டும் இருக்கிறது.

காரணம் இதுதான். சப்ளிமேஷன் என்ற முறையில் சூடேற்றி மையை ஆவியாக்கித் துணிக்குள் இறக்குவார்கள். அந்த மை பாலியஸ்டர் இழையில்தான் பிடிக்கும். பருத்தியில் அடித்தால் முதல் நாள் பளிச்சென்று இருக்கும், சலவைக்குச் சலவை போய்விடும். பருத்தி பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டோ டிடிஎஃப் என்கிற ஒட்டுப் பிரிண்டோதான் சரி. திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாங்கும் முன் 'எந்த பிரிண்ட், துணி நூறு சதம் காட்டனா, எத்தனை ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம் எவ்வளவு' என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

'நோ ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லே தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். வெளுத்த பனியனையும் விளம்பரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். பலர் அந்த இடத்திலேயே இறங்கிவந்துவிடுவார்கள்.

பைக் நம்பர் பிளேட்டில் எண்ணுக்கு மேலே சின்னதாக வௌவால் சின்னம் ஒட்டலாமா அண்ணா? வாளையாரில் பிடிப்பார்களா?
– க.க.சாவடி தம்பி

கூடாது. பிடிப்பார்கள். பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொள்.

குரோஷாவில் பின்னிய ஸ்பைடர்மேன் பொம்மை. விலை போடவில்லை, 'விலைக்கு டிஎம் பண்ணுங்க' என்று இருந்தது. என் தங்கை கேட்டபோது 550 என்றார்கள். அதே நாள் நான் கேட்டால் 900. நியாயமா?
– ஆனைமலை வாசகி

அம்மா, நீங்கள் என் புண்ணில் கை வைத்துவிட்டீர்கள்.

தனிச் செய்தியில் வந்து விலை கேளுங்கள் என்கிற இந்த 'டிஎம் பண்ணுங்க' வியாபாரத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் கிடையாது. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டு வியாபாரி துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். அங்கே இரண்டு பக்கமும் விவரமான ஆட்கள், மாட்டின் பல்லையும் பார்த்திருப்பார்கள். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் விவரம். உங்கள் ப்ரொஃபைல் படம், ஊர், நீங்கள் போன ஹோட்டல், ஏறிய கார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விலை சொல்வார்கள். உங்கள் தங்கை ப்ரொஃபைலில் ஏதோ ஒரு பூவின் படம் வைத்திருப்பார், நீங்கள் ஊட்டியில் நின்று எடுத்ததை வைத்திருப்பீர்கள். 350 ரூபாய் வித்தியாசம் அங்கேதான். 2020ன் மின்வணிக விதிகள் இணையத்தில் விற்பவர் மொத்த விலையை, வரியும் அனுப்பும் கூலியும் சேர்த்து, ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்கின்றன. 'சர்ப்ரைஸ் போய்விடும்', 'போட்டியாளர் பார்த்துவிடுவார்' என்று காரணம் சொல்வார்கள். எதிர்க் கடைக்காரர் பார்ப்பார் என்று எந்த மளிகைக் கடையாவது பருப்பு விலையை மறைக்கிறதா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்னுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்பைடர்மேன் முகத்தில் அந்த வலைக்கோட்டைக் கறுப்பு நூலில் ஒவ்வொன்றாகத் தைத்து இழுப்பது கண்ணைப் பிடுங்கும் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓர் இழை தளர்ந்தால் முகமே கோணிவிடும். 900 ரூபாய் என்று வெளிப்படையாகப் போட்டால் அது நியாயமான விலை, நான் பேரமே பேச மாட்டேன். ஆளுக்கொரு விலை சொல்வதுதான் நியாயமில்லை. விலை போடாத பக்கத்தில் வாங்காதீர்கள். கேட்கவும் கேட்காதீர்கள், கேட்பதே அவர்களுக்கு விளம்பரம்.

மூன்று வயதுப் பேத்திக்குத் திருவிழாக் கடையில் ஹல்க் முகமூடியும், பட்டன் கண் வைத்த துணிப் பொம்மையும் வாங்கினேன். முகமூடியில் பெயின்ட் நாற்றம் அடிக்கிறது.
– நெம்மாறை பாட்டி

முகமூடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் அம்மா. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால் துணிப் பொம்மையில் முத்திரை இல்லாமலிருக்கலாம், நீங்கள்தான் சோதிக்க வேண்டும். பட்டன் கண்ணை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் பிய்த்தெடுத்துவிட்டு நூலில் கண் தைத்துவிடுங்கள். பிள்ளை விழுங்கிவிடும்.

மகளைச் சூப்பர் ஹீரோவாகக் கையால் வரைந்து தருவதாகச் சொன்ன ஒருவருக்கு யுபிஐயில் 3,000 ரூபாய் அனுப்பினேன். வந்த படத்தில் கைக்கு ஆறு விரல். ஏஐ படம் என்று பார்த்தாலே தெரிகிறது. கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். கணவர் தினமும் குத்திக்காட்டுகிறார். மகள் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.
– சித்தூர் வாசகி

முதலில் உங்கள் கணவருக்கு: ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரைத் திட்டுவதை நிறுத்துங்கள் ஐயா.

அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. கையால் வரைவேன் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தது அப்பட்டமான மோசடி. உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், அது இணையப் பண மோசடிக்கான எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். வங்கியிலும் அந்த யுபிஐ எண்ணைக் கொடுத்துப் புகார் பதியுங்கள். பேசிய உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், அவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. 2019ன் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இனிமேல் ஓவியரிடம் பாதிப் பணம் மட்டும் முன்னால் கொடுங்கள். பென்சில் கோட்டுப் படம் வந்ததும் கால் பங்கு, முடிந்ததும் மீதி. கையால் வரைகிறவர் பாதி வரைந்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பத் தயங்க மாட்டார்.

பேட்மேன் ஆட்டோ ஓட்டுவது, ஹல்க் பரோட்டா மாவு பிசைவது மாதிரி ஸ்டிக்கர் வரைகிறேன். கல்லூரியில் நல்ல வரவேற்பு. கடைக்குப் போட்டு விற்கலாமா சார்?
– பொள்ளாச்சி மாணவர்

ஹல்க் பரோட்டா எனக்கு ஒன்று வேண்டும். ஆனால் கடைக்குப் போடாதே தம்பி. பேட்மேனும் சூப்பர்மேனும் டிசி நிறுவனத்தின் சொத்து. ஹல்க் மார்வெலுடையது, மார்வெலை 2009லேயே டிஸ்னி வாங்கிவிட்டது. நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக யாரும் உன்னைத் தேடி வரப்போவதில்லை. விற்பனை என்றால் அனுமதி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, நகைச்சுவை என்பது மட்டுமே உன்னைக் காப்பாற்றாது. 'பழைய ஹீரோதானே' என்றும் சொல்ல முடியாது. 1938ல் வந்த முதல் சூப்பர்மேன் கதை அமெரிக்காவில் பொதுச்சொத்தாவதே 2034ல்தான், அதற்குப் பிறகும் வணிகச் சின்ன உரிமை தனியாக நிற்கும். உன் கை நன்றாக இருக்கிறது. முதலமடை மாந்தோப்பில் இரவுக் காவல் காக்கும் ஒரு ஹீரோவை நீயே உண்டாக்கு. அவர் உன் சொத்து, எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஹல்க்கைக் கதகளி வேடத்தில் வரைந்த ஓவியம், ஃபிரேம் போட்டு 2,200 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? கதகளியைக் கேலி செய்வதாக வீட்டில் சண்டை.
– மீனாட்சிபுரம் வாசகர்

வீட்டுச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் கதகளியில் பச்சை வேடம் உத்தம நாயகர்களுக்கு. மூர்க்கனுக்குக் கத்தி வேடம், சுவந்ந தாடி என்கிற சிவப்புத் தாடி வேடம் என்று வேறு இருக்கிறது. ஹல்க்கைப் பச்சை என்பதற்காகவே அங்கே கொண்டுபோய் நிறுத்தியவருக்கு நல்ல குசும்பு.

கையால் வரைந்ததா, பிரிண்டா என்று மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் மேடும் தூரிகைக் கோடும் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிரிண்ட், அதற்கு 2,200 அதிகம். ஃபிரேமுக்குத் தனி விலையா என்றும் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் வாங்கிய ஒன்றில் படத்தைவிட ஃபிரேம் 400 ரூபாய் அதிகமாக இருந்தது, அதுவும் பிளாஸ்டிக்.