கரண்ட் பில் அவருக்கு, லாபம் எனக்கா?

கேள்வி: வீடு கட்டி விற்கிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு கட்டினால் எனக்கென்ன லாபம்? பில் கட்டப்போவது வாங்குபவர்தானே?

பதில்: பில் அவருடையதுதான், சரி. ஆனால் வீடு பார்க்க வருபவரை மதியம் மூன்று மணிக்கு மேல்மாடி அறையில் நிறுத்திப் பாருங்கள். தலைக்குமேல் கூரை தகித்தால் அங்கேயே பேரம் தொடங்கிவிடும்.

கூரைக்கு வெப்பத்தடுப்பு, மேற்குச் சன்னலுக்கு நிழல் இரண்டையும் வரைபடத்திலேயே சேருங்கள். பிறகு உடைத்துச் செய்தால்தான் செலவு எகிறும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே திரை போட்டால், வெயில் அதற்கு முன்பே கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்துவிடுகிறதே! சூடு குறைந்தால் சிறிய ஏசியே போதும். ஏசியும் நீங்களே மாட்டிக் கொடுப்பதானால், அந்த மிச்சம் உங்களுக்கு. அப்புறம், 75 வாட் மின்விசிறிக்குப் பதில் சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி மாட்டுங்கள். முதலில் குடியேறியவர் சம்மதித்தால், அவருடைய கோடைக்கால பில்லை அடுத்தவரிடம் காட்டுங்கள். எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது.