டென்ட் ஒழுகுகிறதா, வியர்க்கிறதா? மழைக்கால முகாம் கேள்வி-பதில்

ஐப்பசி பிறந்ததும் கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. முக்கால்வாசி நனைந்துபோன பைகளையும் உறங்காத இரவுகளையும் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வால்பாறைப் பக்கம் இரண்டு மணி நேரம் மழையில் நடந்தோம். முதுகுப்பைக்கு ரெயின் கவர் போட்டிருந்தும் உள்ளே இருந்த அத்தனையும் நனைந்துவிட்டது. கவர் மட்டமான சரக்கா? (பொள்ளாச்சி)

பதில்: கவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். முதுகை ஒட்டியிருக்கும் பக்கம் திறந்தே கிடக்கிறது. கழுத்தில் இறங்கும் தண்ணீர் முதுகில் வழிந்து, தோள் வார் தைத்திருக்கும் இடத்தில் பைக்குள் போய்விடும். கவரின் அடியில் தேங்கும் தண்ணீரில் பை ஊறவும் செய்யும். அதனால் உள்ளிருந்து காப்பாற்றுங்கள். 60 லிட்டர் பை என்றால் அதைவிடப் பெரிய, கனமான பாலிதீன் உறை ஒன்றை உள்ளே விரித்து, சாமான்களை அடுக்கி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். ஸ்லீப்பிங் பேக்கும் உறங்கும் உடுப்பும் அதற்குள்ளேயே தனியாக ஒரு ட்ரை பேக்கில் (வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை) இருக்கட்டும். ட்ரை பேக்கின் வாயை மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். கழுத்து வரை திணித்துவிட்டு ஒரே சுற்றில் கொக்கியை மாட்டினால் அதுவும் சாதாரணப் பைதான். மெல்லிய கேரி பேக்குகளை நம்பாதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் சோதனைச் சாவடிகளில் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டாலும் அரை நாளில் கிழிந்துவிடும்.

கேள்வி: ஜீன்ஸ் போட்டு வரலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் மலையில் இரண்டு நாளானாலும் காயாது.

கேள்வி: பன்னிரண்டாயிரம் கொடுத்து, நீர்த்தடுப்பு அளவு 3000 மி.மீ. உள்ள டென்ட் வாங்கினேன். முதல் மழையிலேயே ஒழுகிவிட்டது. காலையில் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் ஈரம். கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள். எங்கே புகார் செய்வது? (சென்னை)

பதில்: டென்டுக்குள் எத்தனை பேர் படுத்தீர்கள்? காற்றுவழிகள் திறந்திருந்தனவா? எந்த இடத்தில் ஈரம்? மூன்றும் கடிதத்தில் இல்லை. இவற்றைப் பார்க்காமலே டென்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறவர்களின் கடிதம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எனக்கு வருகிறது. பெரும்பாலும் டென்டில் ஒரு குறையும் இருப்பதில்லை.

ஒரு நவம்பர் இரவு, வட்டவடையில் காய்கறித் தோட்டத்தை ஒட்டி முகாம். மூன்று பேர் டென்டில் நான்கு பையன்கள் படுத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, “அண்ணே, டென்ட் ஒழுகுது” என்றார்கள். மழை நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது. போய்ப் பார்த்தால் உள்ளே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மழையே இல்லாதபோது எங்கிருந்து ஒழுகும்? மேலே இருந்த இரண்டு காற்றுவழிகளையும் மூடியிருந்தார்கள். குளிருக்குப் பயந்து ஒன்றில் பனியனைச் சுருட்டி அடைத்தும் வைத்திருந்தார்கள். கால்மாட்டில் நனைந்த ரெயின்கோட்டுகளும் நான்கு ஜோடி சாக்ஸும் குவியலாகக் கிடந்தன. டென்டின் மேலுறையான ஃப்ளையை வெளியிலிருந்து ஒரு சுண்டு சுண்டினேன். உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தது. பனியனை உருவினோம், ஈரத் துணிகளைக் கதவுக்கு வெளியே ஃப்ளை மூடும் திண்ணைக்குத் தள்ளினோம், ஃப்ளையின் உட்பக்கத்தை ஒரு துண்டால் துடைத்துப் பிழிந்தோம், கதவின் மேல் ஜிப்பை ஒரு சாண் திறந்து வைத்தோம். விடியும்வரை அப்புறம் யாரும் எழுப்பவில்லை.

ஒரு ஆள் இரவு முழுவதும் மூச்சிலும் வியர்வையிலும் விடுகிற ஈரம் ஏறக்குறைய அரை லிட்டர். நான்கு பேர் என்றால் இரண்டு லிட்டர். நனைந்த துணிகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இது வெளியே போக வழி இல்லாவிட்டால் குளிர்ந்த ஃப்ளையில் பட்டுத் தண்ணீராகும். குளிர் கூடக்கூட இன்னும் இறுக்கி அடைக்கிறோம், அடைக்க அடைக்க இன்னும் சொட்டுகிறது. 3000 மி.மீ. பூச்சு வெளித் தண்ணீரைத்தான் தடுக்கும். உள்ளே பிறக்கும் தண்ணீருக்கு அது ஒன்றும் செய்யாது. ஃப்ளைக்கு 1500 இருந்தாலே நம் மழைக்குப் போதும்.

அடுத்த முறை ஈரத்தைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்து ஃப்ளையின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முழுவதும் ஒரே சீராக முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது உங்கள் மூச்சு. தையலின் மேல் மட்டும் வரிசையாகச் சொட்டு நின்றால் தையல் ஒழுகுகிறது; ஊர் திரும்பியதும் சீம் சீலர் (தையலை அடைக்கும் பசை) தடவுங்கள். மேல் எல்லாம் காய்ந்திருந்து, படுக்கும் பாய்க்கு அடியில் மட்டும் ஈரம் என்றால் தரையிலிருந்து ஏறுகிறது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தையல்தான் குறை என்றால் படம் எடுத்துக் காட்டுங்கள்; அப்போது உங்கள் பேச்சு எடுபடும்.

காற்றே அசையாத, மூடுபனி இறங்கிய இரவில் எல்லாவற்றையும் திறந்து வைத்தாலும் கொஞ்சம் கோக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு சின்னத் துண்டை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை துடைத்தால் போதும். ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: குளிருக்காகவோ மழைக்காகவோ டென்டுக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஈரம் இன்னும் கூடும் என்பது சின்னக் காரணம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கேள்வி: பழைய ஃப்ளெக்ஸ் பேனரை டென்டுக்கு அடியில் விரிக்கலாமா? (திருச்சி)

பதில்: தாராளமாக. கடையில் விற்கும் விரிப்பைவிட உறுதியானது, எடைதான் கொஞ்சம் கூடுதல். டென்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் குறைவாக இருக்கும்படி வெட்டுங்கள். வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஃப்ளையில் வழியும் தண்ணீரை ஏந்தி நேரே உங்களுக்கு அடியில் கொண்டுபோய்விடும். வெட்ட மனமில்லையென்றால் ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக மடித்துவிடுங்கள். மேல்பக்கமாக மடித்தால் தொட்டிதான்.

கேள்வி: டென்டைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று தாத்தா சொல்வார். எவ்வளவு ஆழம் வெட்டலாம்? (தேனி)

பதில்: வெட்டவே வேண்டாம். உங்கள் தாத்தா காலத்துக் கூடாரங்களுக்குத் தைத்த தரை கிடையாது, அதனால் வாய்க்கால் தேவைப்பட்டது. இன்றைய டென்டுக்குத் தேவையில்லை. மலைச்சரிவில் ஒரு தடவை புல்லைப் பெயர்த்துவிட்டால் அடுத்த மழை அந்த வாய்க்காலிலேயே மண்ணை அரித்துக்கொண்டு போகும். அந்த உழைப்பை இடம் பார்ப்பதில் காட்டுங்கள். பள்ளமான புல்வெளி அழகாக இருக்கும், இரவில் குளமாகும். லேசான மேடாகவும், தண்ணீர் தானே வடியும் சரிவாகவும் இருக்கட்டும். தலை மேட்டுப் பக்கம். சருகும் குச்சியும் கோடு போட்டதுபோல் ஒதுங்கிக் கிடந்தால் அது போன மழை ஓடிய தடம். அங்கே படுக்காதீர்கள். தைல மரத்தடியும் வேண்டாம், கனத்த கிளையை முன்னறிவிப்பில்லாமல் முறித்துப் போடும். தனியாக நிற்கும் மரம், மலை முகடு இரண்டும் இடிக்கு ஆகாது.

கேள்வி: எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லது? (ஊர் இல்லை)

பதில்: எங்கே போகிறீர்கள், எந்த மாதம், சுமந்து நடக்கப் போகிறீர்களா, வண்டியில் கொண்டுபோகிறீர்களா என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காலத்துக்கு என்றால் செயற்கை இழை நிரப்பியதை வாங்குங்கள். இறகு நிரப்பியது எடை குறைவு, வெதுவெதுப்பும் அதிகம். ஆனால் நனைந்ததும் இறகு கட்டி கட்டியாகச் சுருங்கிவிடும். அப்புறம் அது வெறும் துணி. நம் ஈரக் காற்றில் அதை முகாமிலேயே காயவைப்பது நடக்காத காரியம். இமயமலையின் காய்ந்த குளிருக்கு இறகை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய டென்ட் நடு இரவில் தொய்ந்து இன்னரில் (உள் கூடாரத்தில்) ஒட்டிவிடுகிறது. முளை இறுக்கமாகத்தான் இருக்கிறது. (கோவை)

பதில்: உங்களுடையது நைலான் துணியாக இருக்கும். நைலான் நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. படுக்கப் போகும் முன் ஒருமுறை வெளியே வந்து எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டுங்கள், இரவில் எழ நேர்ந்தால் இன்னொருமுறை. முளையைத் தொட வேண்டாம், கயிற்றின் இறுக்கியை நகர்த்தினால் போதும்.

கேள்வி: போய்ச் சேரும்போதே கொட்டுகிறது. டென்ட் போட்டு முடிப்பதற்குள் இன்னர் நனைந்துவிடுகிறது. என்ன செய்வது? (சேலம்)

பதில்: ஒரு தார்ப்பாய் கொண்டுபோங்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் போதும். பையின் மேல் வாயிலேயே, கயிறு கட்டிய நிலையில் இருக்க வேண்டும். அடியில் வைத்துவிட்டு மழையில் பையைக் குடைந்தால் எல்லாம் போயிற்று. முதலில் இரண்டு மரங்களுக்கு நடுவே அதைக் கட்டி, அதன் அடியில் நின்று நிதானமாக டென்ட் போடுங்கள். ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்திக் கட்டினால் தண்ணீர் தேங்காது. மரத்திலிருந்து வரும் கயிற்றின் வழியே தண்ணீர் ஓடிவந்து நடுவில் சொட்டும். தார்ப்பாய்க்கு ஒரு சாண் முன்னால், இரண்டு பக்கக் கயிற்றிலும் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக் கீழே இறங்கிவிடும். கிளம்பும்போதும் தார்ப்பாயை அவிழ்ப்பது கடைசியில்தான். நனைந்த ஃப்ளையை இன்னரோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள், தனிப் பையில் போட்டு முதுகுப்பைக்கு வெளியே கட்டுங்கள்.

கேள்வி: ஈரமான துணியைப் போட்டுக்கொண்டே ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்கிறார் நண்பர். உண்மையா? (ஈரோடு)

பதில்: லேசாக ஈரம் பட்ட மெல்லிய செயற்கைத் துணி காயும். சொட்டச் சொட்ட நனைந்தது காயாது. அதிலிருக்கும் தண்ணீர் ஸ்லீப்பிங் பேக்குக்குப் போகும், இரண்டாம் இரவு இரண்டும் ஈரம். உறங்குவதற்கென்று ஒரு ஜோடி உடுப்பும் ஒரு ஜோடி சாக்ஸும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன். அதைப் பகலில் தொடக் கூடாது. காலையில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நேற்றைய ஈர உடுப்பையே மாட்டி நடங்கள். முதல் பத்து நிமிடம்தான் கஷ்டம், நடந்தால் சூடு வந்துவிடும். காய்ந்ததைப் பகலில் போட்டு நனைத்துவிட்டால் இரவில் நடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. படுக்கும் முன் பாதத்தைத் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாடவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக் காய்ந்த சாக்ஸைப் போடுங்கள். நாள் முழுக்க ஊறி வெளுத்துச் சுருங்கிய பாதம் ஓர் இரவில் தேறிவிடும்.

கேள்வி: ஷூவை நெருப்பருகில் வைத்துக் காயவைத்தேன். அடிப்பாகம் பிளந்துவிட்டது. (திண்டுக்கல்)

பதில்: பிளக்கத்தான் செய்யும், பசை சூட்டில் இளகிவிடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அது ஈரமானதும் மாற்றுங்கள். உள்சோலைக் கழற்றித் தனியாக வையுங்கள். மழை நாளில் ஷூ முழுதாகக் காயாது, சாக்ஸ் காய்ந்திருந்தால் சமாளிக்கலாம்.

கேள்வி: அட்டைக்கு சாக்ஸில் உப்பு தடவினால் போதுமா? (நாகர்கோவில்)

பதில்: மழையில் உப்பு கரைந்து போய்விடும். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைச் சாக்ஸ் வாங்குங்கள். டென்ட் ஜிப்பை நின்றபடி திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

கேள்வி: நனைந்த போனை அரிசியில் புதைக்கலாமா? (வேலூர்)

பதில்: பயனில்லை, தூசிதான் உள்ளே போகும். அணைத்து, துடைத்து, காற்றாட வையுங்கள். சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: ஜூலையில் அகத்தியர்கூடம் போய் உச்சியில் டென்ட் போட ஆசை. என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? (திருநெல்வேலி)

பதில்: உச்சியில் டென்ட் போட விட மாட்டார்கள். கேரள வனத்துறை வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில்தான் அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்புகிறது, தங்குவது அதிருமலை முகாமில். தமிழ்நாட்டிலும் 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்துவிட்டன. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகிறவர்களுக்கு நான் பட்டியல் தருவதில்லை. மழையில் முகாமிட ஆசை என்றால், அனுமதி பெற்ற தோட்டத்திலோ பண்ணையிலோ ஓர் இரவு தங்கிப் பழகுங்கள்.

கேள்வி: போன டிசம்பரில் பரணில் வைத்த டென்டை இப்போது எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த நாற்றம் வேறு. துவைத்தால் சரியாகுமா? (தஞ்சாவூர்)

பதில்: ஆகாது. ஈரத்தோடு சுருட்டி வைத்திருக்கிறீர்கள். உட்பூச்சு சிதைந்துவிட்டது. தரைத் துணியில் மட்டும் ஒட்டுகிறது என்றால் அந்த ஃப்ளெக்ஸ் யோசனை கொஞ்ச நாள் கைகொடுக்கும், ஃப்ளையும் ஒட்டினால் புதிது வாங்க வேண்டியதுதான். வீடு திரும்பிய அன்றே, குளிக்கும் முன், டென்டை மொட்டை மாடிக் கொடியில் நிழலில் விரித்துவிடுங்கள். மழை விடாமல் பெய்தால் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். தையலையும் மூலைகளையும் விரலால் நசுக்கிப் பாருங்கள், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். அதுவும் காய்ந்த பிறகு, இறுக்கமான உறையில் திணிக்காமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். ஓட்டடியில் கொதிக்கும் பரணில் வேண்டாம்.