ஐபிரைட் செடி ஒட்டுண்ணி என்றால் பச்சை இலை எதற்கு? கண்ணுக்கு நிஜமாகவே மருந்தா?

அது பாதி ஒட்டுண்ணிதான். ஐரோப்பியப் புல்வெளிகளில், பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாத செடி. பச்சை இலையை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கும். முக்கியமாகத் தண்ணீரும் தாது உப்பும்தான் திருட்டு: மண்ணுக்கடியில் அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைத் தொட்டதும், அந்த இடத்தில் சின்ன முடிச்சுபோல ஓர் உறிஞ்சி முளைத்து உள்ளே நுழைந்துவிடும். நம்மூர்ச் சோளக்கொல்லையைப் பாழாக்கும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான்.

கண் மருந்துப் புகழுக்குப் பூவின் தோற்றமும் ஒரு காரணம். வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள், நடுவே மஞ்சள் பொட்டு. சிவந்த கண் மாதிரி இருக்கிறதே, அப்போ கண்ணுக்குத்தான் என்று 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர்கள் பலர் நம்பினார்கள். (சுவாரஸ்யமான லாஜிக்!) குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வீட்டில் கஷாயம் காய்ச்சிக் கண்ணில் விடாதீர்கள், கிருமி தொற்றலாம்.